யார் செய்த பாவம்?

நாஸ்திகர்களோடு வாதம் செய்வதில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆஸ்திக நண்பர்களோடு கடவுளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பத்து நிமிஷத்தில் பேச்சு கல்யாணச் செலவுக்கோ காலிமனை விலைக்கோ போய்விடுகிறது. நாஸ்திகர் ஒருவர்தான் கடைசிவரை கடவுளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட ஒருவர் அதியமான்கோட்டையில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தருமபுரிப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரமாவது உட்காராமல் நான் திரும்புவதில்லை. சென்ற முறை நான் போன நாள் தேய்பிறை அஷ்டமி. காலபைரவர் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி, எண்ணெய் வார்த்துத் திரியிட்டு, வரிசை வரிசையாக விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

“பார்த்தீர்களா, தம்பி?” என்றார் ஆசிரியர். “விதியை எழுதியவனிடமே போய், எழுதியதை அழித்துக் கொடு என்று கேட்கிறார்கள். இவர்கள் பூசணிக்காயில் விளக்கு வைக்கிறார்கள். உங்கள் ஆட்கள் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். வேறு வித்தியாசம் உண்டா?”

நான் பிறப்பால் கிறிஸ்தவன். நாற்பது வயதைத் தாண்டி, யோசித்துப் பார்த்த பிறகும் கிறிஸ்தவனாகவே இருப்பவன். வித்தியாசம் உண்டு என்றேன். விதி என்று ஒன்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருப்பதாக நான் நம்பவில்லை. நல்லதையோ கெட்டதையோ தேர்ந்துகொள்ளும் உரிமையை ஆண்டவர் மனிதனிடமே விட்டிருக்கிறார். சித்த சுதந்திரம் என்று அதற்குப் பெயர். எல்லாச் சபையாரும் இதை ஒரே மாதிரி சொல்வதில்லை என்பது எனக்குத் தெரியும். நான் நம்புவதைச் சொன்னேன்.

அவர் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான்.

“நல்லது. ஒரே ஒரு கேள்வி. இந்த ஜில்லாவில் பெண் குழந்தை பிறந்தால் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். கள்ளிப்பால் கொடுத்த கைக்குச் சித்த சுதந்திரம் இருந்தது. சரி. பிறந்து மூன்று நாளான அந்தச் சிசுவுக்கு என்ன சுதந்திரம் இருந்தது? பெரியவர்களின் சுதந்திரத்தைக் காப்பாற்ற, உங்கள் கடவுள் அந்தக் குழந்தையை விலையாகக் கொடுத்தாரா?”

கேள்வி புதிதல்ல. 1930-ல் லாகூர் சிறையிலிருந்து, தான் ஏன் நாஸ்திகன் என்று விளக்கி பகத்சிங் எழுதினார். சர்வ வல்லமையுள்ள கடவுள், பாவம் செய்யப் போகிறவனை அந்தக் கணத்திலேயே ஏன் தடுப்பதில்லை என்று அதில் கேட்டார். ஜீவா அதைத் தமிழில் கொண்டுவந்தார். வெளிவந்ததற்குப் பரிசாகச் சிறை கிடைத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1880-ல் முடிந்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாவலில் தஸ்தயேவ்ஸ்கி இதே கேள்வியை இவானின் வாயில் வைத்தார். குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்கும் எந்த மோட்சமும் தனக்கு வேண்டாம் என்று அவன் நுழைவுச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். அந்த நாவலை எழுதியவர் நாஸ்திகர் அல்லர், பக்தர். எதிர்க்கட்சியின் மிகப் பலமான வாதத்தை, ஒரு குண்டூசி அளவும் குறைக்காமல் எழுதிவைத்த பக்தர். நம்முடைய பிரசங்கிகள் அவரிடம் அந்த நேர்மையைக் கற்றுக்கொள்ளலாம்.

நான் பதில் சொல்வதற்குள் ஆசிரியரின் மருமகன் குறுக்கிட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், விடுமுறைக்கு வந்திருந்தார். “சார், மாமா பாதி நாஸ்திகர். சித்த சுதந்திரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். அதுவே கிடையாது. 1983-ல் லிபெட் என்கிற விஞ்ஞானி சோதித்துக் காட்டினார். கையை அசைக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதற்கு முன்னாலேயே மூளை வேலையை ஆரம்பித்துவிடுகிறது. அந்த வீட்டில் வறுமை, வரதட்சணை, மாமியார் சொல், எல்லாம் சேர்ந்து செய்தன. அவர்கள் என்ன செய்வார்கள்?”

வாசகர்கள் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒருவர், மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தது கடவுளின் குற்றம் என்கிறார். மற்றவர், மனிதனுக்குச் சுதந்திரமே இல்லை என்கிறார். இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து என்னைத் தாக்குகிறார்கள்! இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியாது.

மருமகனுக்கு முதலில் பதில் சொன்னேன். லிபெட்டின் சோதனையில் ஆட்கள் செய்தது, காரணம் எதுவும் இல்லாமல் தோன்றுகிறபோது மணிக்கட்டை அசைத்தது. அது ஒரு தீர்மானமா? எழுந்த உந்துதலைக் கடைசிக் கணத்தில் மறுக்கும் சக்தி மனத்துக்கு உண்டு என்று லிபெட்டே கருதினார். அது கிடக்கட்டும். இந்த ஊர்ப் பெயருக்குரியவனையே எடுத்துக்கொள்வோம். கிடைத்தற்கரிய நெல்லிக்கனி அதியமான் கையில் இருந்தது. தின்றால் நீண்ட ஆயுள். அவன் அதை ஔவைக்குக் கொடுத்தான். கொடுக்கும்படியே அவன் மூளை முறுக்கி வைக்கப்பட்டிருந்தது என்றால், இங்கே அவனுக்குக் கோட்டம் எழுப்பியிருப்பது எதற்கு? தண்ணீர் பாய்ச்சியதற்காக யாரும் மோட்டார் பம்புக்கு மாலை போடுவதில்லை. அவன் தானே தின்றிருக்கலாம் என்பதால்தான் கொடுத்தது கொடையாயிற்று.

அடுத்ததாக, கணக்கு ஒன்று சொன்னேன். 2001-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில், தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் இந்த ஜில்லாவுக்கும் வந்தது. தாய்மார் சங்கங்கள் வந்தன. செவிலியர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். போலீஸ் வழக்குகளும் நடந்தன. 2011-ல் அந்த எண் 910-ஐத் தாண்டியது. தொட்டில் திட்டம் பெற்றோரின் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வழி செய்கிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. கருவிலேயே அழிக்கும் கொடுமை இன்னும் ஒழியவில்லை என்பதும் உண்மை. ஆனால் பத்து வருஷத்தில் ஒரு ஜில்லாவின் கணக்கு இவ்வளவு மாறியது. பிரமன் எழுதிய எழுத்து என்றால் மாறியிருக்குமா? மூளையின் விசைதான் என்றால், பத்து வருஷத்தில் மூளை மாறிவிட்டதா? மாறிய சூழ்நிலையை உண்டாக்கியவர்கள் மனிதர்கள். ‘இனி இது நடக்கக் கூடாது’ என்று தீர்மானித்தவர்கள்.

மருமகன் சிரித்துக்கொண்டார். ஆசிரியர் சிரிக்கவில்லை. “இது அவனுக்குப் பதில். எனக்குப் பதில் எங்கே? பிழைத்த குழந்தைகளைக் காட்டிவிட்டீர்கள். செத்த குழந்தைக்கு?”

அவர் சொன்னது நியாயம். அதோடு நிறுத்தாமல் அவர் இன்னொன்றையும் சேர்த்தார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் யாத்திரிகர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஆழிப்பேரலை வந்து வாரிக்கொண்டு போயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் இறந்தவர்கள் 6000 பேருக்கு மேல். “இதில் யாருடைய சித்த சுதந்திரம், தம்பி? கடலுக்குமா சுதந்திரம்?”

இல்லை. ஆழிப்பேரலைக்குச் சித்த சுதந்திரம் பதிலாகாது. அப்படிப் பதில் சொல்கிறவர்கள் கேள்வியைக் கேட்காதவர்கள். என்னால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். நெருப்பு சோற்றையும் வேகவைக்கிறது, கையையும் சுடுகிறது. நல்லவன் கை பட்டால் மட்டும் சுடாத நெருப்பு உள்ள உலகத்தில் நல்லவனாக இருப்பது ஒரு லாபகரமான தொழிலாகிவிடும். ஒழுங்குமாறாத இயற்கை இருந்தால்தான் மனிதன் யோசித்து நடக்க முடியும். சுமத்ராவில் பூமி குலுங்கி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் அலை நம் கரையைத் தொட்டது. பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை நிலையம் 1949-லேயே உண்டு. நம் கடலுக்கு இல்லை. 2007-ல்தான் ஹைதராபாத்தில் அமைத்தோம். அந்த இரண்டு மணி நேரம் யார் பொறுப்பு? ஆனால் இதுவும் பாதிதான். பூமியே ஏன் குலுங்க வேண்டும் என்றால், எனக்குத் தெரியாது.

இங்கே என் சொந்தக் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. வேளாங்கண்ணியில் தேவாலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை, அது மாதாவின் அற்புதம் என்று சொன்னார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் நன்றி சொல்லட்டும். அது மனித சுபாவம். ஆனால் அதைத் தெய்வ நீதியின் அத்தாட்சியாக மேடையில் நின்று சொல்கிறவரை ஒன்று கேட்கிறேன். வெளியே மணலில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடித்தானே வந்தார்கள்? பிழைத்தவன் பக்கம் கடவுள் என்றால், செத்தவன் பக்கம் யார்? 1755-ல், சகல பரிசுத்தவான்கள் திருநாளான நவம்பர் 1-ம் தேதி, லிஸ்பன் நகரத்துக் கோயில்கள் பூசைக்கு வந்தவர்கள் மேல் இடிந்து விழுந்தன. அதற்கு எந்த அற்புதக் கணக்கு எழுதுவது?

இந்தத் தவறை மகான்களும் செய்திருக்கிறார்கள். 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம். ஹரிஜன யாத்திரையாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருந்த காந்திஜி, ஜனவரி 24-ல் திருநெல்வேலியில், தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை அது என்றார். தாகூர் பொறுக்கவில்லை, கண்டித்து எழுதினார். காந்திஜி அதைத் தம் ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே அச்சிட்டார். தீண்டாமையை இருவருமே வெறுத்தவர்கள். ஆயினும் இந்த விஷயத்தில் நான் தாகூர் கட்சி. பீகாரில் இடிந்த குடிசைகளில் தீண்டப்படாதவர்களின் குடிசைகளும் இருந்திருக்குமே!

நாஸ்திக நண்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கணக்கு முறையை முதலில் கண்டித்தவர் தாகூர் அல்லர். சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டதை இயேசுவே எடுத்துப் பேசினார். அவர்கள் ஊரில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்காதீர்கள் என்பதே அவர் பேச்சின் கருத்து. பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும், இரண்டும் இல்லை என்றே சொன்னார். நடந்ததை வைத்துப் பாவத்தை அளக்காதே என்பது எங்கள் வேதத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டும் அளக்கிறவர்கள் எங்களில் இருக்கிறார்கள். நடந்ததை வைத்துக் கடவுளை அளக்கிறவர்கள் உங்களில் இருக்கிறார்கள். படி ஒன்றுதான்.

அதியமானையே பாருங்கள். கனியைக் கொடுத்தவனுக்குத் தகடூர்ப் போரில் சாவு. அவனை வீழ்த்திய பெருஞ்சேரல் இரும்பொறைக்கு வெற்றி. இதில் நீதி எங்கே என்று தேடினால் கிடைக்காது. அதற்காக, கொடுத்தது வீண் என்று இந்த ஊரில் யாராவது சொல்லுவார்களா?

இந்தச் சமயத்தில் ஆசிரியரின் மனைவி காபி கொண்டுவந்தார்கள். பென்னாகரம் பக்கத்தில் கிராமச் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஊரார் நர்சம்மா என்பார்கள். டம்ளரை வைத்துவிட்டு நின்றார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் சாமியைக் கேக்கறீங்க. என்னை ஒருத்தரும் கேக்கலையே. மூணாவது பொண்ணு பொறந்த ஒரு வீடு. மறுநாள் போயிருக்கணும். மழை. பஸ் வரலை. நாளைக்குப் போவோம்னு இருந்துட்டேன். போனப்போ குழந்தை இல்லை. நடந்து போயிருக்கலாம். அஞ்சு மைல்தான். அதுக்கப்புறம் நான் பஸ்ஸுக்கு நின்னதில்லை.”

சற்று நேரம் யாரும் பேசவில்லை. மருமகன்தான் மெதுவாக, “அது உங்க தப்பில்லை, அத்தை” என்றார். “இல்லைன்னு நீ சொல்றே. எனக்குத் தெரியுமே” என்று சொல்லிவிட்டு அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

நான் சொல்ல விரும்பியதை அந்த அம்மாள் சொல்லிவிட்டார்கள். ‘நடந்து போயிருக்கலாம்’ என்பதற்கு என்ன அர்த்தம்? வேறுவிதமாகச் செய்திருக்க முடியும் என்று தன்னைப் பற்றிச் சொல்வது. சித்த சுதந்திரம் என்பது கடவுளை வழக்கிலிருந்து தப்புவிக்கிற வக்கீல் சாமர்த்தியம் அல்ல. வழக்கில் நம்முடைய பெயரையும் சேர்ப்பது. அந்த அம்மாள் கோயிலுக்கும் போகிறவர்கள் அல்லர், மாதா கோயிலுக்கும் போகிறவர்கள் அல்லர். ஆனால் அவர்களுடைய வருத்தத்தை எந்த விசைக் கணக்கிலும் அடக்க முடியாது.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பஞ்சம் சூறையாடியது. இந்தப் பகுதி அன்று சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவிலும் கொள்ளை கொள்ளையாக ஜனங்கள் மாண்டார்கள். மழை பொய்த்தது இயற்கை. அப்போதும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது மனிதன் வேலை. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குச் சோறிட்டார். அவரும் என்னைப் போல ஒரு கிறிஸ்தவர், கதை எழுதியவர்.

செத்த குழந்தைக்கு என்ன பதில் என்று ஆசிரியர் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. நான் நம்புவதைச் சொல்கிறேன். நான் வணங்குகிற கடவுள் நீதிபதியின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சாவை வேடிக்கை பார்த்தவர் அல்லர். தாமே அநியாயத் தீர்ப்பு பெற்று, ஆணியில் தொங்கிச் செத்தவர். அந்தக் குழந்தையின் கணக்கு சாவோடு முடியவில்லை என்று நம்புகிறேன். இதை என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியும் என்று சொல்கிறவரை நானே நம்பமாட்டேன்.

ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. “உங்கள் கடவுள் மேல் என் கேஸ் நிலுவையில் இருக்கிறது” என்றார். இருக்கட்டும். அந்தக் குழந்தைக்காக நாற்பது வருஷமாகக் கோபப்படுகிற மனிதரை ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்பது என் துணிபு. அந்தச் சாவைத் தெய்வ சித்தம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற பக்தரைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம்.