மூட்டையும் முதுகெலும்பும்

கொச்சி மட்டாஞ்சேரியின் கடைவீதியில் மிளகு, சுக்கு, அரிசி மூட்டைகள் பல தலைமுறைகளாக மனிதர் தலைமீதும் தோள்மீதும் ஏறி இறங்கி வந்துள்ளன. பள்ளிகளில் நெம்புகோலைக் கற்பிக்கும் ஆசிரியர் கத்தரிக்கோலையும் பாக்குவெட்டியையும் காட்டுவது வழக்கம். மூட்டை தூக்குபவரின் இடுப்பு அவற்றினும் சிறந்த உதாரணமாகும்.

குனிந்து தூக்கும்போது, இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்குக் கீழேயுள்ள மெத்தென்ற வட்டு ஆதாரப்புள்ளியாகிறது. சுமை அதற்கு முன்னே. இழுக்கும் முதுகுத் தசை பின்னே, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில். 50 கிலோகிராம் மூட்டை 40 சென்டிமீட்டர் முன்னே இருக்குமாயின், அதைச் சமன்செய்ய மட்டுமே தசை 400 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையைச் செலுத்த வேண்டும். குனிந்த உடலின் எடை இக்கணக்கில் சேரவில்லை. மூட்டையை 20 சென்டிமீட்டருக்குள் அணைத்துக்கொண்டால் அவ்விசை பாதியாகும்.

சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிய சுமையோ முதுகெலும்பின் வழியே நேராகக் கீழிறங்குகிறது. முதுகுத் தசைக்கு வேலை குறைவு. கழுத்து முழு எடையையும் தாங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தம் உடலெடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கூடுதல் சக்தி செலவின்றித் தலையில் சுமப்பதாக 1986-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அது 12 கிலோகிராமே. தலைச்சுமையைப் புகழ்வோர் இதை நினைவில் கொள்வது நலம்.

"முழங்காலை மடக்கித் தூக்குக" என்னும் அறிவுரை எங்கும் வழங்குகிறது. அகன்ற மூட்டை முழங்கால்களுக்கிடையே அடங்காவிடில், மடக்கிய முழங்கால்களே அதை மேலும் முன்னே தள்ளிவிடும். ஆகவே தூக்கும் முறையை மட்டும் திருத்தினால் போதாது. மூட்டையின் எடையையும் அகலத்தையும் நிர்ணயிப்பவர் தொழிலாளி அல்லர், மூட்டை கட்டுபவரே. நெம்புகோல் பாடம் அவருக்கும் உரியது.

சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967-இல் வயதுவந்த ஆணுக்கு 55 கிலோகிராம் வரம்பைப் பரிந்துரைத்தது. சிமெண்டு மூட்டை 50 கிலோகிராம், வரம்புக்குள் அடங்குகிறது. ஆயினும் உடலிலிருந்து எவ்வளவு தொலைவில், நாளொன்றுக்கு எத்தனை முறை என்னும் கேள்விகளுக்கு அந்த ஓர் எண் விடையளிக்காது. 25 கிலோகிராம் மூட்டைகளாகக் கட்டினால், முன்கூறிய 400 தானாகவே 200 ஆகும். நடை இரட்டிப்பாகும் என்று வணிகர் ஆட்சேபிப்பர். ஆட்சேபம் மெய்யே, அதற்கு விடை கைவண்டி. மூட்டைக் கணக்கில் கூலி பெறுவோர்க்கு வருவாய் குறையாதவாறு கூலி விகிதத்தையும் அப்போது திருத்தியமைக்க வேண்டும்.