பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? மொதல்ல தரையில படுங்க!

அக்டோபர் பொறந்தாப் போதும், இங்கே மிச்சிகன்ல நம்மாளுங்ககிட்டேயிருந்து ஒரே மாதிரி கேள்வி வர ஆரம்பிச்சுடும். "வீட்டு வேலைக்கும் ஆச்சு, பனிக்கும் ஆச்சு, பழைய பிக்கப் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். எத்தனை மைல் ஓடினது வரைக்கும் வாங்கலாம்? ஃபோர் வீல் டிரைவ் இல்லாம வாங்கவே கூடாதாமே?"

என் கட்சி என்னன்னு மொதல்லயே சொல்லிடறேன். மைலேஜ் மூணாவது. ஃபோர் வீல் டிரைவ் நாலாவது. மொதல் இடம் வண்டியோட அடிப்பாகத்துக்கு, ரெண்டாவது இடம் டயருக்கு. இந்த வரிசையைத் தலைகீழா வச்சுப் பார்க்கிறதாலதான் நம்ம மக்கள் பளபளன்னு ஒரு வண்டியை வாங்கி, ரெண்டே வருஷத்துல அதைப் பழைய இரும்புக் கடைக்கு இழுத்துட்டுப் போறாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு அடிப்படைக் கேள்வி. உங்களுக்கு பிக்கப் உண்மையிலேயே வேணுமா? போன வருஷம் எத்தனை தடவை தேவைப்பட்டுச்சுன்னு விரல் விட்டு எண்ணுங்க. வசந்த காலத்துல மல்ச், கோடையில டெக்குக்குப் பலகை, இலையுதிர் காலத்துல இலை மூட்டை, நடுவுல யாரோ வீடு மாறும்போது ஒரு சோபா. பத்து தடவைக்குக் கீழேன்னா பேசாம வாடகைக்கு எடுத்துக்கலாம். சீட்டெல்லாம் தரைக்குள்ள மடங்குற பழைய கிராண்ட் கேரவன் மாதிரி மினிவேன் வீட்டுல இருந்தா, 4க்கு 8 அடி ப்ளைவுட் பலகையே அதுல மட்டமா படுத்துக்கும். மழையில நனையவும் நனையாது. மினிவேன் ஓட்டினா கெத்து கொறைஞ்சிடும்னு நினைக்கிறவங்களுக்கு என்கிட்ட மருந்து கிடையாது :-)

இல்ல சாமி, தேவை இருக்குங்கறீங்களா? சரி, மேட்டருக்கு வருவோம்.

பின்னாடி எவ்வளவு கொள்ளும்?

நாலு கதவு கேபின், அஞ்சரை அடி பெட். இதுதான் இப்போ ரோட்டுல அதிகமா கண்ணுல படறது. குடும்பத்தோட போக வசதிதான். ஆனா எட்டடிப் பலகையை ஏத்தினா ரெண்டரை அடி வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும், பின்கதவைத் திறந்து போட்டுத்தான் ஓட்டணும். வீட்டு வேலைக்குன்னு வாங்கறவங்க ஆறரை அடி பெட் இருக்கிறதைத் தேடுங்க. கேபின் கொஞ்சம் சின்னதா இருந்தா பரவாயில்லை. குடும்பத்துக்குத்தான் கார் இருக்கே.

அகலத்தையும் பாருங்க. ஃபுல்-சைஸ் ட்ரக்குல ரெண்டு சக்கர மேட்டுக்கும் நடுவுல நாலடிப் பலகை மட்டமா உட்காரும். டகோமா மாதிரி நடுத்தர ட்ரக்குல உட்காராது, மேட்டுக்கு மேலதான் நிக்கும். ஹோண்டா ரிட்ஜ்லைன் இதுல விதிவிலக்கு, பெட் நீளம் கம்மின்னாலும் நாலடிப் பலகை உள்ளே படுத்துடும்.

"ஹாஃப்-டன் ட்ரக்"குங்கறது வெறும் பேருதான். உண்மைக் கணக்கு டிரைவர் கதவைத் திறந்தா நிலையில ஒட்டியிருக்கிற மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர்ல இருக்கு. ஆளும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல கூடாதுன்னு போட்டிருப்பாங்க. உதாரணத்துக்கு 1,500ன்னு வச்சுக்கோங்க. நீங்களும் கூடமாட ஒருத்தரும் சேர்ந்து 350 போயிடும். மிச்சம் 1,150. ஒரு கன கஜம் தோட்ட மண்ணு சுமாரா 2,000 பவுண்ட், சரளைக்கல்லுன்னா 2,500க்கு மேல. ஆக, மண்ணு அரை கஜம்தான் ஏத்தலாம். கடைக்காரன் பாட்டுக்கு லோடரால அள்ளிக் கொட்டிடுவான், ஸ்பிரிங் படுத்தா அவனுக்கென்ன?

நம்மூர் குட்டி யானை முக்கால் டன் ஏத்திக்கிட்டு சந்துல பூந்து போகும். அதாவது 1,650 பவுண்ட். இந்த மலைமாடு சைஸ் வண்டியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் சுமக்குது! அந்த மாதிரி சின்ன வண்டி ஏன் இங்கே வரலைன்னு கேட்டா, அதுக்கு ஒரு கோழிக் கதை இருக்கு. அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பாக்காரங்க வரி போட்டாங்க. பதிலுக்கு 1964ல அமெரிக்கா இறக்குமதி லைட் ட்ரக்குகள் மேல 25 சதவீதம் வரி போட்டுது. கோழிச் சண்டை முடிஞ்சு பல வருஷம் ஆகியும் ட்ரக் வரி மட்டும் ஒட்டிக்கிச்சு. சின்ன ட்ரக்கை வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்து மலிவா விக்க முடியாமப் போனதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஃபோர் வீல் மாயை

இங்கேதான் எனக்கும் பல நண்பர்களுக்கும் தகராறு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும், மேட்டுல ஏத்த உதவும். நிறுத்த உதவாது. எல்லா வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்துலதான் இருக்கு. முதல் பனி விழுந்த அன்னிக்கு ஐ-96ல பள்ளத்துல கிடக்கிற வண்டிகளைப் பாருங்க, பாதி பெரிய ஃபோர் வீல் வண்டியாத்தான் இருக்கும். கிளம்பறது சுலபமா இருக்கறதால நிக்கறதும் அப்படியே இருக்கும்னு ஒரு தெனாவெட்டு வந்துடுது.

காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் எடை கிடையாது. எஞ்சின் முன்னாடி, தள்ளுற சக்கரம் பின்னாடி. அதனாலதான் வாலை ஆட்டுது. நல்ல பனி டயர் நாலும், பின் ஆக்சிலுக்கு நேர் மேலே நாலஞ்சு மணல் மூட்டையும் போட்டா, டூ வீல் டிரைவ் வண்டியே டவுன் ரோட்டுல ஒழுங்கா போகும். மூட்டையைக் கட்டிப் போடுங்க, இல்லேன்னா சடன் பிரேக்குல அது முன்னாடி வந்து மோதும். சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா சாதா ஆல்-சீசன் டயரோட ரப்பர் இறுக ஆரம்பிச்சுடும். பனி டயர் ரப்பர் அந்தக் குளிர்லயும் மெதுவா இருக்கும். டயர் பக்கவாட்டுல மூணு சிகர மலைக்குள்ள பனித்துளி நட்சத்திரம் போட்ட சின்னம் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. கியூபெக்ல குளிர்காலத்துக்குப் பனி டயர் போட்டே ஆகணும்னு 2008லேயே சட்டம் கொண்டு வந்துட்டாங்க. அவங்க ஒண்ணும் வேலையில்லாம அதைப் பண்ணலை.

ஃபோர் வீல் வேண்டவே வேண்டாம்னு சொல்லலை. மேட்டு வீடு, மண் ரோடுன்னா எடுங்க. ஆனா பெரும்பாலான பழைய ட்ரக்குகள்ல இருக்கிறது பார்ட்-டைம் வகை, காய்ஞ்ச ரோட்டுல போடக்கூடாது. பாதி பனி, பாதி தார்னு இருக்கிற ஊர் ரோட்டுக்கு ரிட்ஜ்லைன் மாதிரி தானா வேலை செய்யற ஆல் வீல் டிரைவ்தான் சௌகரியம். அதுல 1,00,000 மைல் வாக்குல டைமிங் பெல்ட் மாத்தியாச்சான்னு பில் கேளுங்க, சும்மா வாய் வார்த்தை வேண்டாம்.

உப்புதான் வில்லன்

டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில, ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கு தெரியுமோ? நூறு வருஷத்துக்கு மேல பழசு. ரோட்டுல பனி உருகறதுக்குப் போடற உப்பு அங்கேயிருந்து வருது. பக்கத்துலயே டியர்பார்ன்ல எஃப்-150 ட்ரக் செய்யற தொழிற்சாலை. மேலே செய்யற ட்ரக்கைக் கீழேயிருந்து வர்ற உப்பு தின்னுது. ஒரே ஊர்லயே ஆக்கலும் அழித்தலும்!

சக்கர வளைவுல துரு இருந்தா அது அழகுக் குறைச்சல், அவ்வளவுதான். ஃப்ரேம்ல துரு இருந்தா அது ஆயுள் குறைச்சல். பழைய கம்பளியை விரிச்சு, டார்ச் லைட்டோட கீழே படுங்க. பின் ஆக்சிலுக்கு மேல ஃப்ரேம் வளையற இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடம், ரெண்டையும் சின்னச் சுத்தியால தட்டுங்க. 'ணங்'னு கேட்டா சரி. 'பொத்'துன்னு கேட்டாலோ, பொரை பொரையா உதிர்ந்தாலோ எழுந்து வீட்டுக்கு வந்துடுங்க. புதுசா கன்னங்கரேல்னு கோட்டிங் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க.

பேரைப் பார்த்தும் ஏமாறாதீங்க. ஃப்ரேம் துருப்பிடிச்ச வழக்குல டொயோட்டா 2016ல 340 கோடி டாலர் வரைக்கும் செலவு பிடிக்கிற சமரசத்துக்கு ஒத்துக்கிட்டுது. 2005லேர்ந்து 2010 வரைக்கும் வந்த டகோமாவும் சில டண்ட்ரா, செக்வோயாவும் அதுல அடக்கம். அந்த வருஷ வண்டின்னா ஃப்ரேம் மாத்தினதான்னு அவசியம் கேளுங்க. 2015லேர்ந்து எஃப்-150 பாடி அலுமினியம், துருப் பிடிக்காதும்பாங்க. பாடி மட்டும்தான் அலுமினியம், ஃப்ரேம் அதே இரும்புதான்.

அப்புறம் பிரேக் லைன். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் போன ஜனவரியில பையனை ஹாக்கி பிராக்டிஸ்லேர்ந்து கூட்டிட்டு வர்றார். சிக்னல்ல பிரேக்கை மிதிச்சா பெடல் அப்படியே தரைக்குப் போயிருக்கு. துருப்பிடிச்ச லைன் வெடிச்சுப் போச்சு. குறுக்கே வண்டி வரலை, ஓரமா பனிக்குவியல்ல போய் நின்னுச்சு. அந்த வண்டியை அவர் வாங்கி ஏழே மாசம். ஓடினது 70,000 மைல் கூட இல்லை. மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

மிச்சிகன்ல வருஷாவருஷம் வண்டியைப் பரிசோதிக்கிற சட்டம் கிடையாது. யாரும் உங்களுக்காகப் பார்க்க மாட்டாங்க. விக்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிட்ட நூறு இருநூறு டாலர் குடுத்து லிஃப்ட்ல ஏத்திப் பாருங்க. "அதெல்லாம் எதுக்கு"ன்னு விக்கிறவர் இழுத்தாருன்னா அதுவே பதில்.

டெக்ஸாஸ், அரிசோனா பக்கம் ஓடின வண்டி கிடைச்சா நல்லது, உப்பு பார்க்காத உடம்பு. ஆனா வளைகுடாக் கரையோர வண்டின்னா வெள்ளத்துல முங்கினதான்னு பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பார்த்தா சேத்துக் கறை காட்டிக் கொடுத்துடும். வின் நம்பரைப் போட்டா பாக்கி ரீகால் என்னென்னன்னு அரசாங்கத் தளத்துல ஓசியிலேயே தெரியும். பார்க்கப் போகும்போது எஞ்சினைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. குளிர்ல எப்படிக் கிளம்புதுங்கறதுதானே நமக்கு முக்கியம்?

ஆக மொத்தம், 70,000 மைல் ஓடின உப்புக்கருவாட்டைவிட 1,40,000 மைல் ஓடின சுத்தமான ஃப்ரேம் மேல். எஞ்சினை ரிப்பேர் பண்ணலாம், கியர்பாக்ஸ் மாத்தலாம். முதுகெலும்பு இத்துப் போனா ஒண்ணும் பண்ண முடியாது. கையில 10,000 டாலர் இருந்தா 8,000க்கு வண்டி பாருங்க. மிச்சத்துல பனி டயர், புது பேட்டரி, ஆயில் வகையெல்லாம் மாத்தறது, குளிருக்கு முன்னாடி அடியில எண்ணெய் கோட்டிங். இந்தக் கோட்டிங்கை வருஷம் தவறாம அடிக்கணும். புது ஃபுல்-சைஸ் ட்ரக் 50,000 டாலரைச் சர்வசாதாரணமா தாண்டுது. ஏழு வருஷக் கடன் போட்டு மல்ச் ஏத்தறதுக்கு, அந்த மல்ச்சைத் தங்கத்துல வாங்கலாம்.

கால்கரி, டொராண்டோ மக்கள் யாராவது இருந்தா உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல கொட்டுங்க. மைனஸ் முப்பதுல வண்டி கிளப்பறவங்க நீங்க, எங்களைவிட ரெண்டு படி மேல. "ஃபோர் வீல்தான் உசத்தி" கட்சிக்காரங்களும் வரலாம், ஆனா பனி டயர் போட்டிருக்கீங்களான்னு மொதல்ல கேப்பேன்!

டிஸ்கி: பிக்கப் வாங்கினது தெரிஞ்சா தெருவுல வீடு மாறுறவங்க எல்லாரும் உங்க உயிர் நண்பர்கள் ஆயிடுவாங்க. அதுக்கு எந்த மெக்கானிக்கிட்டயும் வைத்தியம் கிடையாது.