மூன்றாம் சிலிண்டரும் நான்கு தாள்களும்

தமிழ் கற்பிக்கும் ஒருவன் கார் எஞ்சினைப் பற்றி எழுதுவது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு எஞ்சின் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதப்பட்டதைப் படிக்கத் தெரியும். ஆறு மாதங்களில் என் கையில் கொடுக்கப்பட்ட நான்கு தாள்களை ஒருநாள் வரிசையாக அடுக்கிப் படித்தேன். அந்தச் சினத்தில் பிறந்தது இப்பதிவு.

தஞ்சோங் பகார் பிளாசாவில் குடியிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு மழைநாள் மாலை, அம்மாவைத் தெலுக் பிளாங்காவில் உள்ள தங்கை வீட்டுக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தேன். கெப்பல் சாலையில், 2011இல் மூடப்பட்ட பழைய ரயில் நிலையத்தைத் தாண்டும்போது வண்டி குலுங்கியது. எவ்வளவு அழுத்தியும் வேகம் எழவில்லை. பின்னால் சரக்குப்பெட்டக லாரி ஒன்று ஒலிப்பானை அலறவிட்டது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அம்மா இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். அவர் பேசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டறைத் தமிழில் இதற்கு 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று பெயர். நான்கு சிலிண்டர்களில் ஏதோ ஒன்று தன் முறை வரும்போது எரியத் தவறுகிறது. காற்று, பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் என்ற நான்கில் ஒன்று குறைந்தாலும் போதும். சுழல்தண்டின் வேகத்தில் ஏற்படும் நுண்ணிய தடுமாற்றத்தைக் கொண்டு, தவறியது எந்தச் சிலிண்டர் என்பதை வண்டியின் கணினியே பெரும்பாலும் கண்டுபிடித்து எண்ணாகப் பதிந்துவிடும். பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நில்லாமல் அங்குமிங்கும் தவறுகிறது. பி0303 என்றால் மூன்றாவதில். விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் வினையூக்கி மாற்றியை வேகவைக்கிறது என்று பொருள். இவையெல்லாம் பின்னர் நானாகத் தேடிக் கற்றவை. கற்பிக்கவேண்டியவர்கள் கற்பிக்கவில்லை.

வண்டியை விற்ற முகவர் நிறுவனத்துக்கே எடுத்துச் சென்றேன். பெயர் வேண்டாம். முதல் முறை நான்கு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினார்கள்; 340 வெள்ளி. பத்து நாள்கள் நன்றாக ஓடியது. அடுத்த மழையில் மீண்டும் அதே குலுக்கல். இரண்டாம் முறை, நான் போடும் பெட்ரோல் சரியில்லை என்று சொல்லிக் கரிப்படிவை நீக்கினார்கள், 480 வெள்ளி. மூன்றாம் முறை, நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றினார்கள், 920 வெள்ளி. எஞ்சினுக்குப் பத்தாண்டு உத்தரவாதம் இருக்கிறதே என்றேன். காயில் எஞ்சினின் பகுதி அன்று என்றார் ஆலோசகர். இலக்கணத்தில்கூட இத்தகைய விதிவிலக்கை நான் கண்டதில்லை! நான்காம் முறை மழை பெய்யவில்லை, வண்டியும் குலுங்கவில்லை. ஆயினும் வினையூக்கி மாற்றி கெட்டிருக்கலாம் என்று 2,800 வெள்ளிக்கு ஒரு விலைத்தாளை நீட்டினார்கள்.

'இருக்கலாம்.' இந்தச் சொல்லுக்கு 2,800 வெள்ளி.

அன்றிரவுதான் தாள்களை அடுக்கினேன். மூன்று ரசீதுகளிலும், கீழே பொடி எழுத்தில், அவர்களுடைய கருவியே அச்சிட்டிருந்த எண் ஒன்றுதான்: பி0303. ஒவ்வொரு முறையும் மூன்றாம் சிலிண்டர். ஒவ்வொரு முறையும் அவர்கள் நான்கையும் மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பதிவை அழித்து வண்டியைத் திருப்பித் தந்தார்கள். எந்த வேகத்தில், எந்த வெப்பத்தில் தவறியது என்று கணினி சேமித்து வைத்திருந்த குறிப்பும் அதனோடு அழிந்தது. ஒரு மாணவன் கட்டுரைதோறும் ஒரே இடத்தில் லகரத்துக்கு ளகரம் எழுதுகிறான் என்று வையுங்கள். அவனுக்குப் புதிய பேனாவும், பிறகு புதிய குறிப்பேடும், பிறகு மேசையும் வாங்கச் சொல்லும் ஆசிரியரை என்னவென்று அழைப்பீர்கள்? (நோய்முதலைப் பற்றிய குறளை இங்கே மேற்கோள் காட்டுவேன் என்று என் மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். காட்டப்போவதில்லை.)

வெளிப்பட்டறைக்குப் போகலாமா என்று மூன்றாம் முறையே கேட்டிருந்தேன். போனால் எஞ்சின் உத்தரவாதம் போய்விடும் என்றார் ஆலோசகர். அந்த அச்சத்தில்தான் நான்காம் முறையும் அங்கேயே போனேன். பலரை அந்த வாசலில் கட்டிப்போட்டிருப்பது இவ்வச்சமே. ஆனால் சிங்கப்பூரின் போட்டித்தன்மை ஆணையம் இதில் தலையிட்டு, பெரிய கார் விற்பனையாளர்கள் தம் உத்தரவாதங்களிலிருந்து இந்தக் கட்டுப்பாட்டை நீக்கியதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. வெளிப்பட்டறையின் வேலையால்தான் கேடு நேர்ந்தது என்றால் மறுக்கலாம். வெளியே போனதற்காகவே மறுக்க இயலாது. தாளிலிருந்து நீங்கிய விதி, வாயிலிருந்து நீங்கவில்லை.

இது நம் ஊர் நோய் மட்டுமன்று. இந்தியாவின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். மேல்முறையீடுகள் தொடர்ந்தன, அது வேறு கதை.

நண்பர் ஒருவர் சொல்லி ஊபியில் ஒரு சிறு பட்டறைக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். "அங்கிள், நான்கு முறை பார்த்தாயிற்று" என்று தாள்களை நீட்டினேன். அவரும் பொடி எழுத்தைத்தான் முதலில் படித்தார். மூன்றாம் காயிலைக் கழற்றி முதலாவதில் பொருத்தி, முதலாவதை மூன்றில் பொருத்தினார். பழுது காயிலில் இருந்தால் அதனோடு முதலாம் சிலிண்டருக்கு நகரவேண்டும். நகரவில்லை. பிளக்கையும் அவ்வாறே மாற்றிப் பார்த்தார், நகரவில்லை. அழுத்தத்தை அளந்தார், நான்கும் ஏறத்தாழச் சமம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாம் இன்ஜெக்டருக்குப் போகும் கம்பிக்கற்றையை விரலால் மெல்ல அசைத்தார். வண்டி குலுங்கியது, கெப்பல் சாலையில் குலுங்கிய அதே குலுக்கல். இணைப்பானைக் கழற்றிக் காட்டினார். ஈரம் புகுந்து ஒரு முனை பச்சை பிடித்திருந்தது. புதிய இணைப்பான், உழைப்பு எல்லாம் சேர்த்து 110 வெள்ளி. ஏழு மாதங்களாக மழையிலும் வெயிலிலும் ஓடுகிறது.

விட்டுவிட்டு வரும் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதை அறிவேன். கண்டுபிடிக்கவில்லை என்பதற்காக நான் சினக்கவில்லை. 'தெரியவில்லை, நாளை வரை வண்டியை விட்டுச் செல்லுங்கள்' என்று சொல்லியிருந்தால் மதித்திருப்பேன். ஊகத்தைத் தீர்ப்பாக எழுதி, அதற்கு விலையும் போட்டு, பழியை என் பெட்ரோல் மீது சுமத்தியதைத்தான் பொறுக்க இயலவில்லை. 1864இல் கப்பல்துறை நிறுவனம் தோன்றிய ஊர் இது. 1868இல் இங்கே விக்டோரியா உலர்துறை திறக்கப்பட்டபோது, கப்பலை உள்ளே இழுத்து, நீரை இறைத்துவிட்டு, அடிப்பாகத்தைக் கண்ணால் பார்த்தபின்தான் சுத்தியலை எடுத்திருப்பார்கள். பார்க்காமல் பலகையை மாற்றியவனுக்கு யார் கூலி கொடுத்திருப்பார்?

எனவே, நண்பர்களே, அடுத்த முறை உங்கள் வண்டியை விடும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: பதிவான எண் என்ன? இந்தப் பாகம்தான் காரணம் என்று எந்தச் சோதனையால் அறிந்தீர்கள்? மாற்றியும் தீராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா? கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

பணத்தைத் திருப்பித் தருமாறு நிறுவனத்துக்கு எழுதினேன். நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பராமரிப்புக்கு 200 வெள்ளிக் கழிவுச்சீட்டு அனுப்பினார்கள், திருப்பி அனுப்பிவிட்டேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிடலாம். வழக்கறிஞர் வைக்க அங்கே இடமில்லை. 1,740 வெள்ளிக்கு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் கலந்தாலோசனை. நான்கு தாள்களையும், பச்சை பிடித்த அந்த இணைப்பானை ஒரு நெகிழிப் பையிலும் எடுத்துச் செல்கிறேன். அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.