தொண்ணூறு நாள் மூன்று மாதமல்ல

ஓசூர், கிருஷ்ணகிரி வணிகர்களாகிய நாம் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூர் வரை கடனுக்குச் சரக்கு அனுப்புகிறோம். பதிலுக்குப் பலர் இன்றும் தருவது காசோலைதான். முன்பு கணக்குப்பிள்ளை காலண்டரைப் பார்த்துக் கெடு சொன்னார். இன்று கம்ப்யூட்டர் சொல்கிறது. அது பொய் சொல்லாது. ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 1-4-2012 முதல் காசோலையின் ஆயுள் 6 மாதத்திலிருந்து 3 மாதமாகக் குறைந்தது. இதைச் சில பில்லிங் மென்பொருள்களில் "தேதியுடன் 90 நாள் கூட்டு" என்று எழுதிவிடுகிறார்கள். 2025 பிப்ரவரி 5 தேதியிட்ட காசோலைக்கு அந்தக் கணக்கு மே 6 என்று காட்டும். மே 5 தாண்டினாலே காசோலை காலாவதி! டேட்டாபேஸில் நாளைக் கூட்டும் கட்டளை வேறு, மாதத்தைக் கூட்டும் கட்டளை வேறு.

பணமில்லாமல் காசோலை திரும்பினாலும் இதே சிக்கல்தான். வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவர் 15 நாளில் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். முதல் இரண்டும் நாள் கணக்கு. கடைசியானது மாதக் கணக்கு.

காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் சரியாக நாள் எண்ண வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. வணிகப் பெருமக்கள் பிப்ரவரித் தேதி ஒன்றைக் கொடுத்து இன்றே சோதித்துப் பார்க்கட்டும். அதுவரை காசோலையைக் கல்லாவில் தூங்க விட வேண்டாம்.