மேகன் பாய்டின் ஜன்னல் வெளிச்சம்

ஸ்காட்லாந்தின் ப்ரோரா ஊர்ப் பக்கம் மேகன் பாய்டுன்னு (1915–2001) ஒரு அம்மா இருந்தாங்க. தூண்டில் முள்ளில் இறகும் பட்டு நூலும் சுற்றி, சால்மன் மீனுக்கான 'ஃப்ளை' கட்டுவதில் உலகப் புகழ். ஆனா ஒரு சால்மன்கூட அவங்க பிடிச்சதில்லை! 1971ல் பிரிட்டிஷ் எம்பயர் மெடல் வாங்கக் கூப்பிட்டப்போ, அன்னிக்கு நாயைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு போகலை.

மின்சாரம் இல்லாத வீட்டில் பல வருஷம் ஜன்னல் வெளிச்சத்தில் கட்டினதையும் இதே மாதிரி அழகான கதையாக்கிடறாங்க. அதுல எனக்கு உடன்பாடில்லை.

வயசான காலத்தில் பார்வை மங்கித்தான் அவங்க வேலையை நிறுத்தினாங்க. உடனே "நுணுக்க வேலை கண்ணைக் கெடுத்துடுச்சு"ன்னு சொல்லாதீங்க. பெரியவங்களுக்கு மங்கலான வெளிச்சத்தால் கண் களைக்கும், தலை வலிக்கும், பார்வை போகாது. ஆனா வயசானா கண்பாப்பா சுருங்குது, லென்ஸ் மஞ்சளாகுது. 20 வயசுக் கண்ணுக்குள்ள போற வெளிச்சத்தில் சுமார் மூணில் ஒரு பங்குதான் 60 வயசில் விழித்திரைக்குப் போய்ச் சேரும்.

உங்க வீட்டில் தையல், நகை வேலை பார்க்கிறவங்க 40 தாண்டிட்டாங்களா? வெள்ளெழுத்துக் கண்ணாடியோட நல்ல டேபிள் லேம்ப் ஒண்ணும் வாங்கிக் கொடுங்க. அப்படியே கண் அழுத்தத்தையும் செக் பண்ணிடுங்க.