புதுச்சேரியில் பெட்ரோல் விலை கம்மிதான்... மிச்சம் எங்கே போகிறது?

கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கார்கள் புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் செய்கிற முதல் வேலை, டேங்கை ஃபுல் பண்ணுவது. பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. வாட் வரியை அந்தந்த அரசே முடிவு செய்கிறது. 2025 ஜனவரியில் புதுச்சேரி வரியை உயர்த்திய பிறகும், தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு சுமார் 4 ரூபாய் குறைவாகவே கிடைத்தது.

ஆனால், பங்க்கில் மிச்சம் பிடிக்கும் இந்த 4 ரூபாயைவிட அதிகமாக ரோட்டில் விடுகிறார்கள் பலர்.

கணக்கு என்ன சொல்கிறது?

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் 30 லிட்டர் நிரப்பினால் மிச்சம் 120 ரூபாய். அதற்காகவே 10 கி.மீ. வந்து 10 கி.மீ. திரும்பினால் 1.3 லிட்டர் காலி. அதாவது, மிச்சம் பிடித்தது வழியிலேயே போச்சு. வேறு வேலையாக வரும்போது போட்டால் மட்டுமே லாபம்.

உள்ளூர்க்காரர்களுக்கும் இதே கதைதான். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 67 லிட்டர் பெட்ரோல். விலை வித்தியாசத்தால் மிச்சம் 270 ரூபாய்க்குள். ஓட்டும் பழக்கத்தை மாற்றி 10 சதவீதம் குறைத்தாலே 600 ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

வலது கால்தான் வில்லன்

ராஜீவ் காந்தி சதுக்கம் நெருங்குகிறது. தூரத்திலேயே சிவப்பு தெரிகிறது. அப்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதித்து, கிட்டே போய் சடாரென பிரேக் போட்டால், எரித்த பெட்ரோல் பிரேக்கில் சூடாகத்தான் போகும். நின்று நின்று போகும் போக்குவரத்தில் இப்படி ஓட்டினால் மைலேஜ் 10 முதல் 40 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. முன்கூட்டியே காலை எடுத்துவிட்டால் போதும். ஈசிஆரிலும் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் காற்றின் எதிர்ப்பு கூடி மைலேஜ் சரியும்.

நியூட்ரலில் விட்டால் மிச்சமா?

இல்லை. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பெட்ரோல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால், இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் எரிய வேண்டும். கட்டுப்பாடும் குறையும்.

காற்று இலவசம்

பெட்ரோலுக்கு வரிசையில் நிற்பவர்கள், அதே பங்க்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றைக் கண்டுகொள்வதில்லை. டயரில் காற்று குறைந்தால் இன்ஜின் கூடுதலாக உழைக்க வேண்டும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். மாதம் ஒருமுறை, டயர் சூடாவதற்குள் சரிபார்த்தால் நல்லது.

வீக்எண்டில் நடந்தால் என்ன?

மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. இது தெரிந்தும் பார்க்கிங் தேடி ஒயிட் டவுனை ஃபர்ஸ்ட் கியரில் நாலு முறை சுற்றுகிறார்கள். நேர்நேரான, நடக்க வசதியான தெருக்கள் அவை. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே புத்திசாலித்தனம்.

சிக்னலைச் சீராக்குவதும், பார்க்கிங் இடம் தருவதும் அரசின் பொறுப்பு. அதைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இன்றைய விலைச் சலுகையை நாளையே ஒரு வரி உத்தரவு எடுத்துக்கொள்ளலாம். நிதானமாக ஓட்டிப் பழகியவரின் மிச்சத்தை எந்த உத்தரவும் தொட முடியாது.