பாட்டாளி பார்க்க வேண்டிய கண்காட்சி

சிங்கப்பெருமாள் கோவில் என்றதும் பலருக்கு அங்குள்ள குடைவரை நினைவுக்கு வரும். பல்லவர் காலத்தது என்பர். குடைவித்த மன்னன் யார் என்று ஆராயப் புலவர் உண்டு. உளி பிடித்த கை யாருடையது? அந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம். ஏனெனில் அதே ஊரிலிருந்து ஒரகடம் நோக்கி, திருப்பெரும்புதூர் நோக்கி, விடியுமுன் பஸ் ஏறிப் போகும் ஆயிரமாயிரம் கைகளைப் பற்றியும் எவரும் கேட்பதில்லை.

அந்தக் கைகளுக்குரிய தோழர்கள் மூவருடன், சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த ஓர் இயந்திரக் கண்காட்சிக்கு நாம் சென்று வந்தோம். நமக்கும் அதுதான் முதல் தடவை. தீவுத்திடல் பொருட்காட்சியில் அப்பளம் தின்றிருக்கிறோம், ராட்டினம் சுற்றியிருக்கிறோம். முதலாளிமார் கூடி எந்த இயந்திரத்தை வாங்குவது, அதனால் எத்தனை ஆளைக் குறைப்பது என்று கணக்குப் போடும் கண்காட்சியைக் காதால் கேட்டதோடு சரி.

மூவரில் ஒருவர் லேத் ஓட்டுபவர். ஒருவர் வெல்டிங் செய்யும் இளைஞர். மூன்றாமவர் பிரஸ் ஷாப்பில் பதினைந்தாண்டு பழகியவர். வலக்கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு இல்லாதவர். எப்படிப் போயிற்று என்று நாம் கேட்டதில்லை. அந்த வட்டாரத்தில் அது கேட்க வேண்டிய கேள்வியாகவே இல்லாமற் போய்விட்டது!

காலை ரயிலேறிக் கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனோம். கலியாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டு வந்திருந்தனர் மூவரும். உள்ளே குளிர்ந்த காற்று, காலடியில் கம்பளம், பட்டப்பகலில் விளக்கு வெள்ளம். தினமும் எண்ணெயும் இரும்புத் தூளுமாய்ப் பார்த்த இயந்திரங்கள், இங்கே மணப்பெண் போல் நிற்கின்றன!

ஓர் அரங்கிலே, பெயர் வேண்டாம், விவரத்தாள் கேட்டார் லேத் தோழர். "கார்டு இருக்கா சார்?" என்றார் அங்கிருந்தவர். இல்லை என்றதும், நீட்டிய தாள் தோழரின் தோளைத் தாண்டிப் பின்னால் நின்ற கோட்டுக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. தோழர் சிரித்துவிட்டு நகர்ந்தார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அடுத்த அரங்கிலோ கதை வேறு. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் ஒலியைக் கேட்டபடி நின்ற அதே தோழர், "இன்சர்ட் தேஞ்சுபோச்சுங்க, மாத்துங்க" என்றார். நிறுத்திப் பார்த்தார்கள். தேய்ந்துதான் இருந்தது. உடனே நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. அட்டை கேட்பார் இல்லை!

வெல்டிங் இளைஞர் இயந்திரக் கரத்தின் முன் நின்றவர் நின்றவர்தான். "நாலு பேர் வேலைண்ணே" என்று மட்டும் சொன்னார். அது பெரிய விஷயம். வேறொரு நாள் எழுதுவோம். இன்று நாம் சொல்ல வந்தது மூன்றாமவரைப் பற்றி.

பிரஸ் ஒன்று நிற்கிறது. முன்புறம் இரண்டு மஞ்சள் தூண்கள். இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் வரிசை. கை குறுக்கே போனால் கதிர் அறுபடும்; அறுபட்ட நொடியே, இறங்கி வரும் பிரஸ் நின்றுவிடும். அரங்கத்து இளைஞர் மரக்குச்சி ஒன்றை நீட்டிக் காட்டினார். நின்றது. நம் தோழர் குச்சியை வாங்கித் தாமே நீட்டினார். நின்றது. மறுபடி நீட்டினார். நின்றது. பத்துத் தடவையாவது இருக்கும்.

"தம்பி, இது புதுசா வந்ததா?"

"இல்லீங்கண்ணே, எங்கப்பா காலத்திலேயே இருக்கு."

தோழர் வலக்கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

அந்த இளைஞர் நல்லவர், ஒளிக்காமல் சொன்னார். காற்றழுத்தக் கிளட்ச் கொண்ட பிரஸ்ஸுக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கும்தான் இந்த ஒளித்திரை உதவும். பழைய பின் கிளட்ச் பிரஸ், இறங்கத் தொடங்கினால் பாதியில் நிற்காது. அதற்குக் கை புகவே முடியாத வலைத்தடுப்புதான் வேண்டும். "வலைத்தடுப்புக்கு எவ்வளவு ஆகும்?" என்றோம். "இரும்பு வலைதானே சார், உங்க ஷாப்பிலேயே செஞ்சுக்கலாம்" என்றார். கேட்டீர்களா தோழர்களே! கோடி வேண்டாம், கப்பலேறி வரவும் வேண்டாம். ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு போடு என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 21ஆம் பிரிவிலேயே எழுதி வைத்தது. சட்டம் தாளில் இருந்தது. விரல் தகரக் கொட்டகையில் இருந்தது!

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் காலூன்றியது. 2010இல் ரெனோ நிசான் ஒரகடம் வந்தது. பெரிய ஆலைகள் வந்தன, வரட்டும், மகிழ்கிறோம். ஆனால் காருக்கு வேண்டிய சின்னஞ்சிறு தகட்டு உறுப்புகள் எங்கே அடிக்கப்படுகின்றன? பெயர்ப்பலகைகூட இல்லாத கொட்டகைகளிலும்தான். அங்கே ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்பவனுக்கு ஒளித்திரை என்று ஒன்று இருப்பதை யார் சொல்வது? விற்பவன் முதலாளியிடம் சொல்கிறான். முதலாளி விலையைப் பார்க்கிறான். விரலுக்குரியவன் மட்டும் அந்தப் பேச்சில் இல்லை.

இதே வர்த்தக மையத்தில்தான் 2024 ஜனவரி 7, 8 நாட்களில் உலக முதலீட்டாளர் மாநாடு கூடி, 6 இலட்சத்து 64 ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டுக்கு ஒப்பந்தங்கள் எழுதின. கோடிகள் நுழைந்த வாசலில் கைகள் நுழையலாகாதா?

கூட்டம் கூடிவிடும், குழப்பம் வரும் என்பார்கள். 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகைக் கண்காட்சி வைத்தபோதும் சீமான்கள் அப்படித்தான் நடுங்கினர். கட்டணத்தை ஒரு ஷில்லிங்காகக் குறைத்த நாட்களில் உழைப்பாளிகள் திரள் திரளாக வந்தனர். பார்த்தனர், வியந்தனர், வீடு திரும்பினர். ஒரு கண்ணாடிக்கும் கேடு வரவில்லை.

அதைவிடச் சுவையானது 1862ஆம் ஆண்டுக் கதை. லண்டனில் மறுபடி கண்காட்சி. பிரான்சை ஆண்ட மூன்றாம் நெப்போலியன், பாரிசுத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்து அனுப்ப இசைந்தான்; பயணச் செலவுக்கும் வழி செய்தான். இயந்திரத்தைப் பார்த்து வரட்டும் என்பது அவன் எண்ணம். போனவர்கள் இயந்திரத்தையும் பார்த்தார்கள். இங்கிலாந்துத் தொழிலாளி வாங்கும் கூலியையும் அவன் கட்டிய சங்கத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். திரும்பி வந்து தொழில்வாரியாக அறிக்கை எழுதினார்கள். 1864 மே மாதம் பிரான்சிலே வேலைநிறுத்தம் குற்றம் என்ற நிலை சட்டத்தால் நீங்கிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 28இல் லண்டன் செயின்ட் மார்ட்டின் மண்டபத்தில் அனைத்துலகத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பிரெஞ்சுத் தொழிலாளர் சார்பில் அங்கே நின்ற தொலேன், வெண்கலச் செதுக்கு வேலைக்காரர். முன்பு கண்காட்சிக்குப் போய் வந்தவர். மேடையில் கார்ல் மார்க்சும் இருந்தார். கண்காட்சி பார்க்க அனுப்பிய மன்னன் இதை எதிர்பார்த்திருப்பானா?

நாம் கேட்பது என்ன? கண்காட்சியில் ஒரு நாள் தொழிலாளர் நாளாகட்டும். அன்றைக்குச் சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கட்டும். இயந்திரத்தின் முன் தமிழிலும் நாலு வரி எழுதி வைக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டாண்டுக்கொருமுறை இயந்திரக் கண்காட்சி நடத்துகிறது. சிறு தொழில் நடத்துவோர் கூடி இவ்வளவு செய்ய முடிகிறபோது, தொழிற்சங்கங்கள் பத்துப் பேரைத் தேர்ந்து அனுப்பி அறிக்கை வாங்குவது மலையைப் புரட்டும் வேலையா?

திரும்பும் ரயிலில் பிரஸ் தோழர் விவரத்தாளின் பின்பக்கத்தில், இடக்கையால் தாளை அழுத்திக்கொண்டு, எழுதினார். தம் ஷாப்பில் பிரஸ் எத்தனை, பின் கிளட்ச் எத்தனை, வலைத்தடுப்பு உள்ளது எத்தனை. கடைசிக் கேள்விக்கு நேரே ஒரு சுழி போட்டார். அந்தத் தாள் இப்போது சங்கத்தில் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அதைப் படிக்கப் போகிறார்கள்.